அடிவயிற்றுப் பூட்டு

வேலை நேரத்தில் சித்தாள்களுக்கு மூத்திரம் முட்டக்கூடாது என்று பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு, அடிவயிற்றுக்குள் வைக்கிற பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். அஞ்சலத்துக்கும் வைத்தாகிவிட்டது. வேலை முடிந்தது என்று மேஸ்திரி போனில் அழுத்தினால் அது தானாகத் திறந்துகொள்ளும். இன்றைக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் டீ குடிக்கப் போய்விட்டார்.

பதினேழாவது மாடியில், தான் பதித்து முடித்த கக்கூஸைத் துடைத்தபடியே அவள் பூட்டு வைத்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்கம்மா?" என்றது ஒரு பெண் குரல்.

"மார்க்கா? வயிறு வெடிக்குது, தொறந்து வுடும்மா!"

"கோபப்படாதீங்க. கோபம் வந்தா மனநலப் பிரிவுக்கு மாத்தணும்."

"மாத்து தாயி, அவங்களாவது தொறக்கட்டும்."

அந்தக் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. "பூட்டு உதவியா இருக்குதானே? ஆராய்ச்சிக்காகக் கேக்கறோம்."

"இந்த மாடியில மட்டும் பன்னெண்டு கக்கூஸ் கட்டியிருக்கோம். கீழ எங்களுக்குன்னு ஒண்ணு கட்டியிருந்தா இந்தப் பூட்டு எதுக்கு? இதை எழுதிக்க."

"அதை எழுத இங்க எடமில்லம்மா" என்ற அந்தப் பெண், என்ன நினைத்தாளோ, அங்கிருந்தே பூட்டைத் திறந்துவிட்டாள்.

அஞ்சலம் சிமெண்ட் வாளியில் தண்ணீரை மொண்டுகொண்டு உள்ளே ஓடிப் புதுக் கதவைச் சாத்தினாள்.

மேஸ்திரி வந்து தட்டினார். "யாரு உள்ள? வூட்டுக்காரங்களே இன்னும் உக்காரல!"

"ஆராய்ச்சி நடக்குதுண்ணே, தட்டாதீங்க!"