கறை படாத பேனா

ஆபரேஷனுக்கு முன் தங்கை கழற்றிக் கொடுத்த தோடுகள் அண்ணனின் இடது கைக்குள் இருக்கின்றன. அவள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறாள். நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டியதும், பெரிய நகைக்கடை ஒன்று செய்த பேனாவைச் சட்டைப்பையிலிருந்து கெத்தாக உருவுகிறான். மூடியில் பதித்த பச்சைக்கல் குழல்விளக்கு வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கிறது. தங்க முள் காகிதத்தைக் கீறுகிறது, எழுத்து விழவில்லை. உதறுகிறான், மறுபடி கீறுகிறான். முள்ளில் கறை படியுமே என்று அதற்கு ஒரு நாளும் மை நிரப்பாதது இப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. "டாக்டர் காத்துட்டிருக்காரு சார்," என்றபடி நர்ஸ், மூடி கடிபட்ட தன் பால்பாயிண்ட் பேனாவைக் கொடுக்கிறாள். காது மடல் சுட, குனிந்தபடியே கையெழுத்துப் போடுகிறான். ஸ்ட்ரெச்சர் நகர்கிறது. "அண்ணா," என்கிறாள் தங்கை, கேலியே இல்லாமல், "என் தோட்டோட சேத்து அந்தப் பேனாவையும் பத்திரமா வச்சுக்கோ."