எட்டு மீட்டர் வடம்

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு ஜெயிலரின் கதை சொல்கிறேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

அந்த ஜெயிலரின் காவலிலிருந்து முப்பது வருடத்தில் ஒருவன்கூடத் தப்பியதில்லை. ஓய்வு பெற இன்னும் ஒரே வருடம். அந்தப் பெயர் கெடாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் மனிதருக்கு இருந்த ஒரே ஆசை.

அதற்கு இரண்டு பக்கமிருந்தும் இடைஞ்சல் வந்தது. ஒன்று, புது உத்தரவு. மூன்று மாதத்தில் உடல்தகுதிச் சோதனை. அறுபது கிலோ பாரத்தைக் கப்பியில் இழுத்துக் காட்டாத அதிகாரி அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஜெயிலருக்கோ இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கினாலே மூச்சு வாங்கும். உங்கள் சட்டைக்குப் பொத்தான் தைத்தே என் கண் போய்விடும் என்று மனைவி வேறு தினமும் இடித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று, பல்லி. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, வேலை பார்த்த மாடி வீடுகளிலேயே நகை எடுத்து மாட்டிக்கொண்டவன். ஏற்கெனவே இரண்டு சிறைகளில் மதிலேறிக் கம்பி நீட்டியதால் வந்த பெயர் அது.

அந்தப் பல்லிதான் ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். ஐயாவின் தோளுக்கும் தொப்பைக்கும் ஒரு பயிற்சி மிஷின் செய்து தருகிறேன் என்றான். படம்கூட வரைந்திருந்தான். கைப்பிடியிலிருந்து ஓர் எஃகு வடம் கப்பி வழியாக ஓடி, அடுக்கி வைத்த இரும்புத் தகடுகளைத் தூக்கும். தகட்டுக்குத் தகடு ஒரு துளை. எந்தத் துளையில் ஊசியைச் செருகுகிறோமோ, அதுவரை உள்ள தகடுகள்தான் மேலே வரும். இன்றைக்குப் பத்து கிலோ, அடுத்த வாரம் பதினைந்து என்று ஏற்றிக்கொண்டே போகலாம்.

ஜெயிலர் படத்தைப் பார்த்தார். பல்லியைப் பார்த்தார்.

"வடம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? என் காதுல பூ சுத்தாதடா."

ஆனால் மிஷின் வேண்டியிருந்தது. வடம் எட்டே மீட்டர், தினமும் சாயங்காலம் தானே டேப் வைத்து அளப்பேன், ஒரு விரற்கடை குறைந்தாலும் இருட்டறைதான் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

எங்கே வைப்பது? முற்றத்தில் மதிலோரமாக வைத்தால் ஐயாவுக்குக் காற்றாட இருக்கும் என்றான் பல்லி. மதில் என்றதுமே ஜெயிலருக்கு மூக்கு வியர்த்தது. முன்கட்டில், தெருவைப் பார்த்த தன் அறையில்தான் வைக்க வேண்டும் என்றார். அங்கே வாசலில் எந்நேரமும் ஒரு காவலர் நிற்பார். பல்லியின் முகம் தொங்கிப் போனது.

கப்பியைப் பொருத்தச் சுவரில் நாலு துளை போட வேண்டும், ஒரு டிரில் மிஷின் கிடைக்குமா என்று இழுத்தான்.

"உன் கையில டிரில்லு? அதுவும் சுவத்துல துளை போட? ஜன்னல் கம்பியில மாட்டு, போதும்."

முகம் இன்னும் கொஞ்சம் தொங்கியது.

மிஷின் தயாரானதும் ஜெயிலர் சட்டம் போட்டார். தன்னைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. தேதி, எடை, எத்தனை இழுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு பதிவேடும் திறந்தார். பல்லி கண் முன்னாலேயே இருப்பதுதான் நல்லது என்று, அறையைப் பெருக்கும் வேலையையும் அவனுக்கே கொடுத்தார்.

தினமும் ஐம்பது இழுப்பு. பல்லி ஓரமாக நின்று, விடும்போது மெல்ல விடாதீர்கள், சட்டென்று விட்டால்தான் தோள் இறுகும் என்று சொல்லிக் கொடுப்பான். பிறகு தரையைக் கூட்டி, ஜன்னல் விளிம்பைத் துடைத்து, இந்தத் தெருவில் தூசி அதிகம் என்று அலுத்துக்கொண்டு போவான். சாயங்காலம் டேப் வரும். ஒருநாள் வடம் இரண்டு விரற்கடை கூடியிருந்தது. புது வடம் கொஞ்சம் இழுபடும் ஐயா என்றான் பல்லி. கூடினால் ஜெயிலருக்கு என்ன? குறையவில்லையே.

முப்பதானது, நாற்பதானது, அறுபதும் தாண்டியது. பொத்தான்கள் சட்டையிலேயே நிற்கத் தொடங்கின. மனைவி ஊசி நூலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

சோதனை நாளன்று தலைமை அலுவலகத்தில் ஜெயிலர் எழுபது கிலோவை இழுத்தார். இளைஞர்கள் கை தட்டினார்கள். சான்றிதழை மடிக்காமல் பிடித்துக்கொண்டு திரும்பினால், முன்கட்டில் ஒரே கூட்டம். அறையைப் பெருக்கப் போன பல்லியைக் காணவில்லை. ஜன்னல், சட்டமும் கம்பியுமாக மிஷின்மேல் சாய்ந்து கிடந்தது. அது இருந்த இடத்தில் தெரு தெரிந்தது.

ஜெயிலர் முதல் காரியமாக டேப்பை எடுத்து வடத்தை அளந்தார். எட்டு மீட்டர், இரண்டு விரற்கடை.

மறுநாள் வந்த விசாரணை அதிகாரி சுவரைத் தடவிப் பார்த்தார். "இது ஒருநாள் வேலை இல்ல. நல்ல பலசாலி ஒருத்தன் மாசக்கணக்கா உள்ளேருந்து இழுத்திருக்கான். யாரு அது?"

தன் ஆட்களில் ஒருவன்கூட இங்கே கை வைத்ததில்லை என்று ஜெயிலர் சத்தியம் செய்தார். அதிகாரி மேசைமேல் இருந்த பதிவேட்டைப் புரட்டினார்.

மொத்தம் நாலாயிரத்து இருநூறு இழுப்பு; ஒவ்வொரு நாளுக்கும் நேரே ஜெயிலரின் கையெழுத்து.

பால் பொங்குகிறது, போய் இறக்குங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு ஜன்னல்கள் உறுதியாக நிற்கட்டும். வெளியே போன பிள்ளைகள் எல்லாரும் வாசல் வழியாகவே சுகமாக வந்து சேரட்டும்.