தொழுகை நாற்காலி

"நாற்காலி வேண்டாம் மைனி. போகும்போது எடுத்துட்டுப் போயிருங்க."

ஜன்னத் இப்படிச் சொன்னதும் ஹைருன் பீவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பி இஸ்மாயில் சிரமமில்லாமல் உட்கார்ந்து தொழட்டும் என்று, புளியங்குடியிலிருந்து தென்காசி வரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மடக்கு நாற்காலி அது.

"ஏட்டி, தரையில உக்காந்தா எந்திக்க முடியாம அவன் படுத பாடு உன் கண்ணுக்குத் தெரியலியா? பள்ளியில எத்தனை பேரு நாற்காலியில தொழுதாங்க!"

"முடியாதவங்களுக்கு அது சரி மைனி. இவங்களால முடியும்."

"எங்க முடியுது?"

முடியவில்லைதான். முற்றத்தில் இஸ்மாயில் ஒரு அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். பாதி எழுந்ததும் தொடை வெடவெடத்தது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"லாத்தா, நீயாவது இவகிட்ட சொல்லு. காலையில ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா என் உசுர வாங்குதா" என்றார் அக்காவிடம்.

ஹைருன் பீவி தூக்கிவிட ஓடினாள். ஜன்னத் குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்காதீங்க. அவங்களே எந்திக்கட்டும்."

கட்டிய புருஷன் தரையில் கிடக்க, கை கொடுக்க வருகிறவளையும் தடுக்கிற பெண்டாட்டியை ஹைருன் பீவி அன்றுதான் பார்த்தாள்.

சவூதியில் பாடுபட்டுத் திரும்பிய ஆம்பளையை அந்தக் குடும்பத்தில் ஒரு துரும்பைக்கூட எடுக்க விடமாட்டார்கள். இஸ்மாயிலும் ஊர் வந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்தார். கேட்கும் முன்னே தண்ணீர் வரும். குடித்து முடித்தால் டம்ளரை வாங்க ஒரு கை வரும். அந்த ராஜ உபசாரத்தில்தான் கால் சூம்பிப்போனது. எலும்பில் கோளாறு இல்லை, தசைதான் கரைந்துவிட்டது, பாரம் தூக்கிப் பழகினால் இந்த வயதிலும் பலம் திரும்பும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னத் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஹைருன் பீவி அவளை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு அவனப் பாக்க முடியலன்னா சொல்லிரு. இன்னைக்கே எங்கூட கூட்டிட்டுப் போறேன். இருக்க வரைக்கும் உக்கார வச்சுச் சோறு போடுவேன்."

"கூட்டிட்டுப் போகாதீங்க மைனி. இப்பதான் பாதி எந்திக்காங்க. விட்டா பழையபடி ஆயிரும்."

"ஆனா ஆயிட்டுப் போட்டும். எந்திச்சு என்ன, குத்தாலத்து மலையிலயா ஏறப் போறான்? ஒத்தாசைக்கு நீ இல்லியா?"

ஜன்னத் எட்டி முற்றத்தைப் பார்த்துவிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"திருநெல்வேலிக்குப் போயிக் காட்டினேன் மைனி. எனக்கு ஈரல்ல கட்டியாம். முத்திப்போச்சுன்னுட்டாங்க. அடுத்த நோன்பு வரைக்கும் இருந்தாலே பெருசாம்."

ஹைருன் பீவி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பிக்கு..."

"தெரியாது. சொன்னா அப்படியே படுத்துருவாங்க. உக்கார வச்சு உக்கார வச்சு அவங்க கால முடக்கினதே நான்தான். அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல."

முற்றத்தில் இஸ்மாயில் மறுபடியும் விழுந்த சத்தம் கேட்டது. இந்தத் தடவை ஹைருன் பீவி ஓடவில்லை. ஜன்னத்தின் தோளை இறுகப் பற்றிக்கொண்டு அழுதாள்.

ஜன்னத் அழவில்லை.

"எனக்கு மகனும் இல்ல, கூடப் பிறந்தவனும் இல்ல. வேத்து ஆம்பளை என் மையத்தைத் தொடப்பிடாதுல்லா? என்னை வாங்கி வைக்க அவங்கதான் கபுருக் குழிக்குள்ள இறங்கணும் மைனி. இறங்கினவங்க, யாரும் கை குடுக்காமலே ஏறியும் வரணும்லா?"