தோற்காத ஆட்டக்காரர்

யார் கைப்பட்டை ரத்த அழுத்தம் ஏறியதாகக் காட்டினாலும் தெரு முழுக்க ஊறுகாய் ஜாடிகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். அதுதான் அந்தத் தெருவின் ஆரோக்கியத் திட்டம். அங்கே கேரத்தில் தோற்றதே இல்லை என்பது முதியவர் தணிகாசலத்தின் பெருமை. தன்னைக் கண்டால் காய்களே குழியைத் தேடி ஓடும் என்பார்.

அடுத்த தெருப் போட்டிக்குக் கிளம்பியவரை எதிர்வீட்டு சுகந்தி வாசலிலேயே மறித்தாள்.

“வேணாம் பெரியப்பா. உங்களுக்கு ஆடவே வராது. தோத்தா பிரஷர் ஏறிடும்னு நாங்கதான் விட்டுக்குடுத்தோம்.”

“எல்லாருமா?”

“எல்லார் வீட்லயும் மாவடு ஜாடி இருக்கே.”

அவர் கைப்பட்டை மஞ்சளாக மின்னியது. சுகந்தி கவலையோடு தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். தணிகாசலம் மெதுவாக மூச்சு விட்டார். உள்ளே போய்க் கேரம் பலகையை எடுத்து வந்தார்.

“உக்காரு. இன்னிக்கும் தோத்துப் போ. ஆனா கொஞ்சம் நம்புற மாதிரி தோத்துப் போ.”