இடப்பக்கத்து ஆள்

நாளைக்குப் பஹ்மிக்கு ஒபரேஷன். பக்கத்துக் கடை முனாஸ் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தான். சலாம்கூடச் சொல்லாமல் கட்டிலின் இடப்பக்கம் இருந்த கதிரையில் உட்கார்ந்தான். பஹ்மி முகத்தைத் திருப்பாமல் வலப்பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கயும் முகம் திருப்புறல்லயா, பஹ்மி நானா? மூணு வருஷமாப் பள்ளியில ஒங்கட இடப்பக்கம் நிண்டு தொழுறேன். தொழுது முடிச்சு ரெண்டு பக்கமும் திரும்பி சலாம் கொடுக்கக்குள்ள நீங்க வலப்பக்கம் மட்டும் திரும்புறீங்க. எனக்கிட்டத் திரும்புறல்ல. நான் செஞ்ச பிழை என்ன?"

"பிழை ஒண்டுமில்ல, முனாஸ். இடப்பக்கம் திரும்பினா நரம்பு இழுத்து, கை விரல் வரைக்கும் எரியுது. அதுக்குத்தான் நாளைக்குக் கழுத்துல கத்தி வைக்கிறாங்க."

"தினமும் விடியக்காலையில மடவளையில இருந்து கட்டுகஸ்தோட்டை வரைக்கும் ஓடுற மனிசன். ஒங்களுக்கு இப்படி வருமெண்டு யாரு நெனப்பாங்க?"

"இனி ஓட ஏலுமாண்டு டொக்டருக்கும் சொல்ல ஏலாதாம்."

முனாஸ் எழுந்தான். கதிரையைத் தூக்கி வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தான். பிறகுதான் சலாம் சொன்னான்.