பேர் சொல்ல வேண்டாம்

“ஒரு போன் லைன் உருப்படியா போடத் தெரில. இவன்லாம் இன்னா இன்ஜினியரு!”

திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் டீக்கடையில் பொன்னுரங்கம் பொரிந்து தள்ளினார். திட்டு வாங்கியவன் டெனிஸ். கம்பெனியில் கம்ப்யூட்டர், போன் எல்லாம் அவன் பொறுப்பு.

விஷயம் இதுதான். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு, மூன்று யூனிட் தொழிலாளர்களுக்கும் சேர்த்து எம்.டி. ஆன்லைனில் மீட்டிங் நடத்துகிறார். மெஷின் ஓடும் ஷாப்புக்குள் கேமரா போன் கூடாது என்பதால் எல்லோர் கையிலும் பட்டன் போன்தான். அதிலிருந்தே கூப்பிட்டுக் குறை சொல்லலாம்.

“பேர் சொல்ல வேண்டாம். தைரியமாப் பேசுங்க. நான் உங்க வீட்டுப் பிள்ளை” என்று முதல் வாரமே உருகிவிட்டார் எம்.டி.

அதற்கு டெனிஸ் செய்துவைத்த ஏற்பாடு இருக்கிறதே! எல்லோரும் ஆபீஸ் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். அது ரிசப்ஷன், ஸ்டோர்ஸ், அக்கவுன்ட்ஸ் என்று மூன்று இடத்தில் சேர்ந்து அடிக்கும். யார் கை காலியோ அவர்கள் எடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல் மீட்டிங்கில் கோத்துவிடுவார்கள். அதுவரை காதில் பாட்டு.

“ரிசப்ஷன்ல செல்வமேரி எடுத்தா ரெண்டு நிமிஷம். ஸ்டோர்ஸ்ல எடுத்தா மீட்டிங்கே முடிஞ்சிடும். பேஜாரா கீதுப்பா.”

பொன்னுரங்கத்தின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பவர் பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் மறிக்கும் சேஃப்டி கார்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். அது இருந்தால் மணிக்கு நாற்பது பீஸ் குறைகிறதாம். கழற்றிய பதினோராம் நாள் ஏசுபாதத்துக்கு இரண்டு விரல் போயிற்று. இப்போது அதே பிரஸ்ஸில் நிற்பது பொன்னுரங்கம்.

முதல் வாரம் கர்ச்சீப்பை வாயில் பொத்திக்கொண்டுதான் பேசினார்.

“சார், பிரஸ்ஸுக்குக் கார்டை மாட்டச் சொல்லுங்க. கழட்டச் சொன்னது மேனேஜரு. இன்னும் எத்தினி பேர் கை போவணும்?”

“யார் பேசறதுன்னு தெரியல. ஆனா உங்க தைரியத்துக்கு சல்யூட். நோட் பண்ணிக்கிட்டேன்” என்றார் எம்.டி.

கார்டு வரவில்லை. ஆனால் வேலைக்கும் ஆபத்து ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரம் குரலை உயர்த்தினார். மூன்றாம் வாரம் லேபர் ஆபீசுக்கு எழுதிப் போடுவோம் என்றே சொல்லிப் பார்த்தார். “நோட் பண்ணிக்கிட்டேன்” என்றது அதே குரல். கர்ச்சீப் எப்போதோ பாக்கெட்டுக்குப் போய்விட்டிருந்தது.

“வேற மொதலாளியா இருந்தா, இந்நேரம் யாருன்னு தோண்டியெடுத்து சீட்டைக் கிழிச்சிருப்பான். நம்ம எம்.டி. தங்கம்பா” என்று டீக்கடையில் சான்றிதழ் வேறு கொடுத்தார்.

நாலாம் வாரம் ஆறு நிமிடம் பாட்டுக் கேட்டதில் மனுஷனுக்குத் தலைக்கேறிவிட்டது.

“சார், கார்டு அப்புறம். மொதல்ல இந்த லைனைச் சரி பண்ணுங்க. டெனிஸுக்கு ஒண்ணும் தெரில சார். உங்ககிட்ட நேரா பேச முடில!”

எம்.டி. குரலில் அப்படியொரு சுறுசுறுப்பை அன்றுதான் கேட்டார்கள்.

“கரெக்ட்! எனக்கும் இங்க யார் பேசினாலும் ஆபீஸ் நம்பரேதான் வருது. நேர் லைன் குடுன்னு முதல் நாள்லேர்ந்து சொல்றேன். ஏன் டெனிஸ், பண்ணல?”

“ட்ரை பண்ணேன் சார். சிஸ்டம் ஏத்துக்கல.”

லைனில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை டெனிஸை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தொழிலாளி சொன்ன குறைக்கு நாலு வாரத்தில் கம்பெனி எடுத்த ஒரே நடவடிக்கை அது.

கேட்டில் வாட்ச்மேன் அவன் பையைக் கிளறிக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கம் எதிரே வந்தார்.

“அண்ணா” என்றான் டெனிஸ் தணிந்த குரலில். “இனிமே நேர் லைன் போடுவாங்க. அதுல பேசாதீங்க.”

“இன்னாப்பா, வேலை போன கடுப்பா?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “அங்க என்ன பேச்சு?” என்று சூப்பர்வைசர் நெருங்கி வரவும், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

பொன்னுரங்கத்துக்கு லேசாக உறுத்தத்தான் செய்தது. தொழில் தெரியாதவனை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

புது இன்ஜினியர் நோட்டும் பேனாவுமாக ஷாப்புக்கே வந்தார். “லைன் சீக்கிரம் கிடைக்கணும்னா அவங்கவங்க போன் நம்பரைப் பதிஞ்சுக்கங்க.”

முதல் ஆளாக முண்டியடித்துப் பதிந்தவர் பொன்னுரங்கம்.

சனிக்கிழமை, மணி நாலு. ஷெட்டுக்குப் பின்னால் நின்று நம்பரை அழுத்தினார். பாட்டு இல்லை. செல்வமேரி இல்லை. ஒரே ரிங்கில் கிடைத்துவிட்டது.

“இதாண்டா வேலை!” என்று, கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்ற ஏசுபாதத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், எம்.டி.யின் குரல் முந்திக்கொண்டது.

“வணக்கம். சொல்லுங்க, பொன்னுரங்கம்.”