வெள்ளை அணுக்களுக்கு மீசை

“பிரிஞ்சது சரி தம்பி. கண்ணீர்ல மிதந்தது யாரு?”

எழுத்தர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். “நீங்கதாம்மா. ‘கணவரைப் பிரிந்து, கண்ணீரில் மிதந்து’ன்னு எழுதியிருக்கேன். நடைக்கு அழகா இருக்கும்.”

“எனக்கு நீச்சலே தெரியாது. அதை அடிச்சிடுங்க.”

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் கல்லூரிப் படிப்பை முடிக்க உதவித்தொகை வழங்கும் சிறிய அமைப்பு அது. அதற்காக அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது எழுத்தரின் வேலை. அன்று மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த ஆண்டு நாற்பது பேர் வகுப்புக்குப் போக முடியும். அதோடு, முன்பு பயன்பெற்ற ஒருவரின் கதையும் வேண்டும். ‘இதில் உள்ளவை யாவும் உண்மை’ என்று அவரே கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட வந்தவரோ மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவர்.

மணி நான்கு இருபது.

“‘ஒரு வேளை உணவோடு படிப்பைத் தொடர்ந்தார்.’ இதுவாவது இருக்கட்டுமாம்மா?”

“மூணு வேளையும் சாப்பிட்டேன். ரெண்டாம் வருஷம் அஞ்சு கிலோ ஏறிட்டேன்.”

“படிக்கிறவங்க மனசு இளக வேண்டாமா?”

“ரத்தத்துல சர்க்கரை கம்மின்னா கம்மின்னுதான் எழுதுவேன் தம்பி. பாவம்னு கொஞ்சம் கூட்டிப் போட மாட்டேன்.”

பக்கத்து மேசையில் தட்டச்சர் களுக்கென்று சிரித்தார். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் எழுத்தரின் கறார் அவருக்கு அத்துப்படி. அலுவலக நேரம் முடியும்வரை எல்லாரும் எழுத்தருக்கு ‘நீங்க’தான். வாசற்படியில் படுத்திருக்கும் பூனையிடம்கூட, “கொஞ்சம் நகருங்க” என்பார். ஓர் ஒற்றுப்பிழைக்கு அரைமணி நேரம் பேசுவார். அப்படிப்பட்டவர், இந்த அம்மா சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரியில் மட்டும் அவர் அசைந்துகொடுக்கவில்லை.

“‘தாயின் சிரமம் உணர்ந்த மகன், அடம்பிடிக்காத அமைதியான பிள்ளையாக வளர்ந்தான்.’ இது இருக்கட்டும்.”

“அமைதியா? அவனா?” அந்த அம்மா கைப்பையை மேசைமேல் வைத்தார். “பரீட்சைக்கு முந்தின நாள் என் ரெக்கார்டு நோட்டை எடுத்து, நான் வரைஞ்சிருந்த வெள்ளை அணுவுக்கெல்லாம் மீசை வெச்சவன் அவன். ஒண்ணு விடல. ரெண்டுக்கு மூக்குக்கண்ணாடி வேற!”

தட்டச்சர் தட்டுவதை நிறுத்திவிட்டார். “ஐயோ! மார்க் போட்டாங்களா?”

“பரீட்சை வைக்க வந்தவர் சிரிச்சுட்டார். ‘வீட்ல யாரு?’ன்னார். ‘ஆறு வயசுல ஒருத்தர் இருக்கார்’னேன். முழு மார்க்.”

“அதையெல்லாம் எழுத முடியாதும்மா” என்றார் எழுத்தர். காதுமடல் சிவந்திருந்தது.

“உண்மைதானே?”

“உண்மைதான். ஆனா, தேவையில்லாத உண்மை.”

“சார், அதுதான் சார் கதையே!” என்றார் தட்டச்சர். “மத்ததெல்லாம் எல்லா விண்ணப்பத்துலயும் இருக்கும்.”

அந்த அம்மா பேனாவை மூடினார். “மீசை இல்லேன்னா கையெழுத்தும் இல்ல.”

மணி நான்கு ஐம்பது. எழுத்தர் பெருமூச்சுவிட்டு, அமைதியான பிள்ளையை அடித்தார், மீசையைச் சேர்த்தார்.

“மூக்குக்கண்ணாடி?”

அதையும் சேர்த்தார். கையெழுத்து விழுந்தது. நான்கு ஐம்பத்தெட்டுக்கு மின்னஞ்சலில் விண்ணப்பம் போனது; ‘கிடைத்தது’ என்று உடனே பதிலும் வந்தது. தட்டச்சர் கைதட்டினார்.

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டதும் அந்த அம்மா எழுந்தார்.

“ஆபீஸ் முடிஞ்சுதா தம்பி?”

“முடிஞ்சுதும்மா.”

“அப்ப வண்டிய எடுடா, மீசைக்காரா. வீட்டுக்குப் போலாம்.”

“ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. இப்ப உனக்குத் திருப்திதானே?” என்று முணுமுணுத்தபடி, அம்மாவின் கைப்பையை எடுத்துக்கொண்டான் மகன்.